அனுமதிக் கடிதம் யாரிடம் இருக்கிறது என்று நான் கேட்கவில்லை

2024ஆம் ஆண்டு பொங்கலுக்கு முந்தைய வாரம், என் அம்மா தம் காதுத் தோட்டைக் கழற்றி வங்கியில் அடகு வைத்து, அந்தப் பணத்தை என் கையில் கொடுத்தார். கடலூரில் ஒரு கல்லூரியில் சுற்றுச்சூழல் அறிவியல் முதுகலைப் படிப்பின் கடைசிப் பருவத்தில் நான் அப்போது இருந்தேன். ஒரு தொண்டு அமைப்போடு கடற்கரையில் மூன்று மாதம் ஆமைப் பாதுகாப்புத் தன்னார்வலராக இருக்கப் போகிறேன், அதையே ஆய்வேடாகவும் எழுதப் போகிறேன், முடித்தவுடன் அந்த அமைப்பிலேயே வேலை கிடைக்கும் என்று அவரிடம் சொல்லியிருந்தேன். சரியாக ஐந்து வாரம் கழித்து வனச்சரக அலுவலகத்தில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து, நடுங்கும் கையால் வாக்குமூலம் எழுதிக்கொண்டிருந்தேன். அந்த ஐந்து வாரத்தில் என்ன நடந்தது, எந்த இடத்தில் நான் நின்று யோசித்திருக்க வேண்டும் என்பதை, எனக்குப் பின்னால் படிக்க வருகிறவர்களுக்காக வரிசையாக எழுதுகிறேன்.

வாட்ஸ்அப் குழு ஒன்றில் வந்த விளம்பரத்தில்தான் எல்லாம் தொடங்கியது. களப்பயிற்சி, தங்குமிடம், சான்றிதழ், இரண்டாம் மாதம் முதல் 6,000 ரூபாய் ஊக்கத்தொகை என்று அதில் இருந்தது. “வனத்துறையுடன் இணைந்து” என்ற சொற்களும் அரசு முத்திரையும் இருந்ததால் எனக்குச் சந்தேகமே எழவில்லை. முதலில் பதிவுக் கட்டணம் என்று 2,500 ரூபாய் கேட்டார்கள். அதைக் கட்டிய மறுநாள் பயிற்சிக் கட்டணம் 9,000 என்றார்கள். பிறகு பனியன், டார்ச், அடையாள அட்டைக்கு 1,800. கடைசியாக மூன்று மாத அறை வாடகை 9,000 ரூபாயை முன்பணமாகவே வாங்கிக்கொண்டார்கள். மொத்தம் 22,300 ரூபாய். முழுத் தொகையையும் முதலிலேயே சொல்லியிருந்தால் நான் போயிருக்கவே மாட்டேன். 2,500 கட்டியவருக்கு அதை விட்டுவிட மனம் வராது என்பது கேட்டவர்களுக்குத் தெரிந்திருந்தது. எல்லாப் பணமும் ஜிபே வழியாக அந்த அமைப்பின் ஒருங்கிணைப்பாளரின் சொந்த எண்ணுக்குத்தான் போனது, ஒன்றுக்கும் ரசீது இல்லை.

இங்கே ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்கள் உழைப்பைத் தேடுகிற ஆய்வுத் திட்டமோ அரசுத் துறையோ உங்களிடம் பயிற்சிப் பணம் கேட்பதில்லை. விண்ணப்பக் கட்டணம் சில இடங்களில் இருக்கலாம், அதுவும் நிறுவனத்தின் கணக்குக்குத்தான் போகும். பணம் வாங்கிக்கொண்டு முறையாகப் பயிற்சி தருபவர்களும் உண்டு என்பதை மறுக்கவில்லை. அவர்கள் அறக்கட்டளையின் பெயரிலோ சங்கத்தின் பெயரிலோ உள்ள வங்கிக் கணக்கில் வாங்கி ரசீது தருவார்கள். தொண்டு அமைப்புகள் பதிவு செய்துகொள்ளும் நிதி ஆயோக்கின் என்ஜிஓ தர்ப்பண் தளத்தில் அமைப்பின் பெயரைத் தேடிப் பார்க்க ஐந்து நிமிடம் போதும். பெயர் இருந்தால் அமைப்பு பதிவாகியிருக்கிறது என்று மட்டும்தான் பொருள், அது நல்ல அமைப்பு என்பதற்கு அத்தாட்சி ஆகாது. ஆனால் பெயரே இல்லையென்றால் அங்கேயே நின்று விசாரிக்க வேண்டும். நான் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவழிக்கவில்லை.

வேலையைப் பற்றிச் சொல்லும்போது நான் அநியாயமாக எதுவும் சொல்லக் கூடாது, ஏனென்றால் அந்த ஐந்து வாரத்தில் சில இரவுகள் என் வாழ்க்கையிலேயே சிறந்தவை. நம் கடலோரத்துக்குத் தை, மாசி, பங்குனியில் முட்டையிட வருவதைப் பங்குனி ஆமை என்கிறோம். ஆங்கிலத்தில் ஆலிவ் ரிட்லி என்பார்கள். இரவு பதினொரு மணிக்கு நடக்கத் தொடங்கி விடியும்வரை நடப்போம். ஈர மணலில் டிராக்டர் சக்கரம் போன இடம்போல ஒரு தடம் கடலிலிருந்து மேட்டுக்கு ஏறியிருக்கும். முதல் ஆமையை நான் பார்த்தது பத்தாவது நாள். பின்கால்களை மாற்றி மாற்றி மணலை அள்ளி, ஏறத்தாழ ஒன்றரை அடி ஆழத்துக்குக் குடுவைபோல ஒரு குழியைத் தோண்டியது. நூற்றுக்கும் மேற்பட்ட முட்டைகளை இட்டு, மணலை மூடி, தன் உடம்பாலேயே தட்டித் தட்டிச் சமன்செய்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் கடலுக்குப் போய்விட்டது. அதன் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. உடம்பிலுள்ள உப்பை வெளியேற்றும் நீர்தான் அது என்று படித்திருந்தும் எனக்கு அழுகை வந்தது. முட்டைகள் பொரிய 45 முதல் 60 நாள் ஆகும். மணலின் வெப்பம் கூடினால் பெண் குஞ்சுகளும் குறைந்தால் ஆண் குஞ்சுகளும் மிகுதியாகப் பிறக்கும் என்பதால், குழிகளின் வெப்பத்தை நாள்தோறும் குறித்து அதையே ஆய்வேடாக்க நினைத்தேன். ஆய்வகத்தில் இரவல் வாங்கிய மண் வெப்பமானி எப்போதும் என் பையில் இருந்தது.

மற்றவை எதுவும் சொன்னபடி இல்லை. பெண்கள் நால்வருக்குக் கொடுத்த அறையின் கதவுக்கு உள்தாழ்ப்பாள் கிடையாது. நாங்களே கயிற்றால் கட்டிக்கொண்டு பகலில் தூங்கினோம். கழிப்பறைக்கு அடுத்த தெரு வீட்டுக்குப் போக வேண்டும். இரவு நடைக்கு மூத்தவர் ஒருவர் உடன் வருவார் என்றது முதல் வாரத்தோடு நின்றுவிட்டது. இவற்றையெல்லாம் வீட்டில் சொன்னால் திரும்பி வரச் சொல்லிவிடுவார்கள் என்று மறைத்தேன், அதுவும் என் தவறு. பெண்கள் களப்பணிக்குப் போவதற்கு முன் அறையை நேரில் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். இரவில் உடன் வருபவர் யார், அவருடைய எண் என்ன என்பதை வீட்டில் ஒருவருக்காவது கொடுத்து வையுங்கள். இதைக் கேட்பதற்குக் கூச்சப்பட வேண்டியதே இல்லை.

பிப்ரவரி 11ஆம் தேதி இரவு நானும் இன்னும் இரண்டு மாணவிகளும் மட்டும்தான் நடந்தோம். அதிகாலை மூன்று மணிக்கு ஒரு குழியைக் கண்டோம், பாதுகாப்பான இடத்தில் புதைப்பதற்காக அதிலிருந்த 112 முட்டைகளையும் வாளியில் எடுக்கத் தொடங்கினோம். வலை இழுக்க வந்திருந்த ஊர்ப் பெரியவர் ஒருவர் எங்களைப் பார்த்து, “பொரட்டாதம்மா, அது வச்ச வாக்குலயே எடு, சீக்கிரம் பொதைச்சிரு” என்றார். ஒருங்கிணைப்பாளரைத் தொலைபேசியில் அழைத்தோம். நன்கொடையாளர்கள் காலை எட்டு மணிக்கு வருகிறார்கள், அவர்கள் கையால் புதைப்பதைப் படம் எடுக்க வேண்டும், அதுவரை வாளியிலேயே வைத்திருங்கள் என்றார். முட்டை இட்ட சில மணி நேரத்தில் கரு, ஓட்டின் உள்பக்கம் மேலே ஒட்டிக்கொள்ளும். அதற்குப் பிறகு முட்டையை அசைத்தாலோ புரட்டினாலோ கரு அறுந்து இறந்துபோகும். இது எனக்குத் தெரியும், பாடத்தில் படித்ததுதான். தெரிந்திருந்தும் வாளியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அவர் மூத்தவர், அமைப்பை நடத்துகிறவர், அவருக்கு மேலும் தெரிந்திருக்கும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு.

ஏழு மணியளவில் வனக் காப்பாளர் இருவர் வந்தார்கள். “அனுமதிக் கடிதம் எங்கேம்மா?” என்று கேட்டார் ஒருவர். நாங்கள் அடையாள அட்டையைக் காட்டினோம். பனியனில் அச்சடித்திருந்த முத்திரையைக் காட்டினோம். அப்படி ஓர் அமைப்புக்கு அனுமதி எதுவும் தரவில்லை என்று அவர் சொன்னபோது என் காலடியில் மணல் சரிவதுபோல் இருந்தது. பங்குனி ஆமை 1972ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிக உயர்ந்த பாதுகாப்புப் பெறும் உயிரினங்களின் பட்டியலில், இருக்கிறது. அந்தச் சட்டத்தில் வேட்டை என்ற சொல்லுக்குள் ஊர்வனவற்றின் முட்டையையும் கூட்டையும் கலைப்பதும் அடங்கும், முதல் அட்டவணை உயிரினம் என்றால் தண்டனை மூன்றாண்டுக்குக் குறையாத, ஏழாண்டு வரையிலான சிறை. ஆமையைக் காப்பாற்ற வந்தவள் ஆமையை வேட்டையாடியவளாக எழுதப்பட இருந்தேன். வனச்சரகர் எங்கள் வயதையும் நிலைமையையும் பார்த்து, வாக்குமூலம் வாங்கிக்கொண்டு, கல்லூரிக்குத் தகவல் சொல்லி எச்சரித்து அனுப்பினார். முட்டைகளைத் துறையின் பொரிப்பகத்தில் அவர்களே புதைத்தார்கள். ஏப்ரலில் துணிவை வரவழைத்துக்கொண்டு போய்க் கேட்டேன். 112இல் ஒன்பது பொரிந்ததாகப் பதிவேட்டில் இருந்தது. அதே வாரம் துறை ஊழியர்கள் உடனே எடுத்துப் புதைத்த குழிகளில் பெரும்பாலான முட்டைகள் பொரிந்திருந்தன. இந்த ஒன்பது என்ற எண்ணை நான் இன்றுவரை மறக்கவில்லை.

ஆகவே பாதுகாக்கப்பட்ட உயிரினம் எதையாவது தொடுகிற, பிடிக்கிற, இடம் மாற்றுகிற வேலை என்றால், முதல் கேள்வியாக அனுமதி யார் பெயரில், எந்தத் தேதி வரை, எந்தக் கடற்கரைக்கு என்று கேளுங்கள். கடிதத்தின் நகலைக் கையில் வாங்குங்கள். “பேசி வைத்திருக்கிறோம்” என்பது அனுமதி ஆகாது. சந்தேகம் இருந்தால் மாவட்ட வன அலுவலகத்துக்கு நேரில் போய்க் கேட்கலாம். மாணவர் கேட்டால் சொல்லமாட்டார்கள் என்று நான் பயந்தது வீண் பயம். இன்னொன்று: குஞ்சுகள் வெளிச்சத்தை நோக்கித்தான் ஓடும், அதனால்தான் தெருவிளக்கைக் கடல் என்று நினைத்து ஊருக்குள் ஏறிச் சாகின்றன. செல்போன் விளக்கை அடித்துப் படம் எடுக்கச் சொல்கிற, விருந்தினர் கையில் குஞ்சைக் கொடுத்துச் சிரிக்கச் சொல்கிற இடத்தில் ஆமையைப் பற்றிய அக்கறை இல்லை என்பதை அன்றே புரிந்துகொள்ளலாம்.

கல்லூரியில் நடந்தது வேறு துயரம். அனுமதியில்லாமல் எடுத்த தரவை ஆய்வேட்டில் சேர்க்க முடியாது என்றார்கள், அது நியாயம்தான். ஆனால் சனவரியில் தலைப்பைக் கொடுத்தபோது, முதல் அட்டவணை உயிரினத்தில் ஆய்வு செய்யத் தலைமை வன உயிரினக் காப்பாளரின் அனுமதி வேண்டும் என்று அங்கே ஒருவரும் சொல்லவில்லை. புதிய தலைப்பாக, கெடிலம், உப்பனாற்றுக் கரையோர ஊர்களின் கிணற்று நீரில் உப்பு எவ்வளவு ஏறியிருக்கிறது என்று 40 கிணறுகளில் மாதிரி எடுத்து எழுதினேன். என் வகுப்புத் தோழர்கள் மே மாதம் முடித்தார்கள். நான் டிசம்பரில் முடித்தேன். ஒரு பருவம் போயிற்று.

பணத்தைத் திருப்பிக் கேட்டபோது ஒருங்கிணைப்பாளர், தொண்டு செய்ய வந்தவர்கள் பணத்தைப் பற்றிப் பேசலாமா என்று கேட்டார். அந்த ஒரு கேள்வியில் நான் இரண்டு மாதம் வாயடைத்துப் போயிருந்தேன். பிறகு ஒரு சீனியர் அக்கா சொல்லி, நீதிமன்ற வளாகத்தில் இருக்கும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவுக்குப் போனேன். பெண்களுக்கு வருமான வரம்பு இல்லாமலேயே அங்கே இலவசச் சட்ட உதவி உண்டு. 1987ஆம் ஆண்டுச் சட்டத்தில் அப்படி இருக்கிறது என்பது அன்றுவரை எனக்குத் தெரியாது. நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை என்றும் அந்த வழக்கறிஞர் சொன்னார். ஜிபே பதிவுகளையும் விளம்பரப் படத்தையும் வைத்து அறிவிப்பு அனுப்பினோம். 7,000 ரூபாய் வந்தது, அதற்கு மேல் இழுக்க என்னால் முடியவில்லை. அடகு வட்டி 1,950ஐயும் சேர்த்தால் 17,250 ரூபாய் போனது. அம்மாவின் தோட்டை மீட்க எனக்குப் பதினான்கு மாதம் பிடித்தது. விளம்பரம் வந்த அன்றே அதைப் படமாகச் சேமித்து வையுங்கள், பிறகு அழித்துவிடுவார்கள்.

இதில் எனக்கு மிகவும் வலித்தது, நான் பணம் கட்டித் தேடிப் போனதெல்லாம் என் வீட்டிலிருந்து ஒரு பேருந்துத் தூரத்தில், காசு கேட்காமல் இருந்தது என்பதுதான். ஆமைப் பருவத்தில் வனத்துறையே கடலோரத்தில் பொரிப்பகம் அமைக்கிறது. கல்லூரியில் நம் துறைத்தலைவரின் கையொப்பத்தோடு மாவட்ட வன அலுவலருக்கு எழுதினால் ஊழியர்களோடு நடக்க விடுகிறார்கள். அடுத்த பருவத்தில் நான் அப்படித்தான் நடந்தேன், ஒரு ரூபாய் செலவில்லை. பிச்சாவரம் அலையாத்திக் காடு 2022இல் ராம்சர் ஈரநிலமாக, அதாவது உலக அளவில் முக்கியமான ஈரநிலமாக, அறிவிக்கப்பட்டது. அங்கே கண்டல் (அலையாத்தி) நாற்றுகளில் எத்தனை பிழைத்திருக்கின்றன என்று எண்ணுவதற்கு ஆறு நாள் போயிருந்தேன். முழங்கால் சேற்றில் நின்று சுரபுன்னையையும் வெண்கண்டலையும் இலையைப் பார்த்துப் பிரித்தறியக் கற்றேன். தில்லை மரத்தின் பால் கண்ணில் படக் கூடாது என்பதை வகுப்பறையில் யாரும் எனக்குச் சொன்னதில்லை, படகோட்டி சொன்னார். பரங்கிப்பேட்டையில் வெள்ளாற்றின் முகத்துவாரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல்வாழ் உயிரியல் உயராய்வு மையம் இருக்கிறது. புதுச்சேரியில் 1955 முதல் இயங்கும் பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்துக்கு என் தோழி ஒருத்தி கடிதம் எழுதிக் கேட்டு, இரண்டு மாதம் தாவர உலர்மாதிரித் தொகுப்பில் வேலை பழகினாள். சனவரியில் ஆசிய நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடக்கும், அது 1987 முதல் நடந்து வருகிறது. புதுச்சேரி அருகே ஊசுட்டேரியில் ஒரு காலைப்பொழுது பறவை தெரிந்தவர்களோடு நின்றால், ஒரு பருவப் பாடத்தில் படிக்காததைக் கற்றுக்கொள்ளலாம். பொங்கலின்போதும் பிப்ரவரியிலும் நடக்கும் பறவைக் கணக்கெடுப்புக்கு, பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இ-பேர்ட் செயலியும் பொறுமையும் போதும். பெயரோடும் தேதியோடும் நீங்கள் பதிவு செய்த பட்டியல் அங்கே நிற்கும், நேர்காணலில் காட்டலாம்.

நாட்டு நலப்பணித் திட்டத்தில் இருப்பவர்கள் இரண்டு ஆண்டில் 240 மணி நேரம் சேவை காட்ட வேண்டும். திட்ட அலுவலரிடம் முன்கூட்டியே சொன்னால் இப்படிப்பட்ட பணியையே அதில் கணக்கு வைப்பார், அந்தச் சான்றிதழுக்கு மதிப்பும் உண்டு. சான்றிதழே இல்லாத தொண்டையும் குறைவாக எண்ண வேண்டாம். நம் கடலூர் சிப்காட் தொழிற்பேட்டையைச் சுற்றியுள்ள ஊர்களில் 2004 முதல் ஊர்மக்களே எந்த நேரத்தில் எந்த நாற்றம் வந்தது என்று எழுதி வைத்து, வாளி போன்ற எளிய கருவியில் காற்று மாதிரி பிடித்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். அவர்களில் பலர் கல்லூரிக்கே போகாதவர்கள். சுற்றுச்சூழல் பட்டம் படிக்கிற நாம் அந்த ஊர்களுக்கு ஒருமுறைகூடப் போகாமல் படிப்பை முடிப்பது எனக்கு வருத்தமாக இருக்கிறது.

சம்பளம் உள்ள வேலை என்று பார்த்தால் வழிகள் குறைவு, ஆனால் இருக்கின்றன. கோடையில் இரண்டு மாதம் உதவித்தொகையோடு ஆய்வு நிறுவனங்களில் பயில, மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து நடத்தும் கோடைகால ஆய்வு உதவித்திட்டம் இருக்கிறது. அதற்கான விண்ணப்பம் நவம்பரிலேயே முடிந்துவிடும் என்பதால் பலர் தவறவிடுகிறார்கள், நானும் தவறவிட்டேன். நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் இளநிலை ஆய்வாளர் தகுதி பெற்றால், 2023இலிருந்து மாதந்தோறும் 37,000 ரூபாய் உதவித்தொகை. தமிழ்நாடு அரசின் முதலமைச்சர் பசுமைப் புத்தாய்வுத் திட்டத்தில் மாவட்டந்தோறும் ஆள் எடுத்திருக்கிறார்கள், அது இரண்டாண்டுப் பணி. சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீடு செய்யும் ஆலோசனை நிறுவனங்களில் களப்பணியாளர் வேலை எளிதாகக் கிடைக்கும். இந்த மதிப்பீடு பற்றிய மத்திய அரசின் 2006 அறிவிக்கையின்படி தொழிற்சாலைக்கோ சுரங்கத்துக்கோ அனுமதி கேட்பவர்கள் ஒரு பருவத் தரவையாவது கொடுக்க வேண்டும் என்பதால் மூன்று மாதம் காற்று, நீர், மண் மாதிரி எடுக்க ஆள் தேவைப்படும். நான் படிப்பு முடித்தவுடன் அதில் 14,000 ரூபாய் சம்பளத்தில் ஆறு மாதம் இருந்தேன். ஊரார் மாடியில் காற்று மாதிரி பிடிக்கும் சாம்ப்ளர் கருவியை ஏற்றி, மின்சாரம் போனால் ஜெனரேட்டர் போட்டு, வடிகட்டித் தாளை மாற்றி எடை பார்க்கும் வேலை. கற்றுக்கொள்ள நல்ல இடம். ஓடாத கருவிக்கு அளவு எழுதச் சொன்னால் மட்டும் எழுதாதீர்கள், அந்தத் தாளில் உங்கள் கையெழுத்து இருக்கும், அந்த ஊரில் குழந்தைகள் அந்தக் காற்றைத்தான் சுவாசிக்கும்.

இப்போது நான் ஒரு கடலோர ஆய்வுத் திட்டத்தில் உதவியாளராக இருக்கிறேன். நேர்காணலில் அந்த அமைப்பின் சான்றிதழைப் பற்றி யாரும் கேட்கவில்லை. நாற்பது கிணறுகளின் களக் குறிப்பேட்டைத்தான் வாங்கிப் புரட்டினார்கள், அடித்துத் திருத்திய இடத்தில் ஏன் திருத்தினேன் என்று கேட்டார்கள். எனவே எங்கே போனாலும் தேதி, நேரம், இடம், வானிலை, உடன் இருந்தவர் ஆகியவற்றைக் குறிப்பேட்டில் அன்றே எழுதுங்கள்.

வனத்துறையோடு நடக்க விரும்புகிறவர்கள் கடிதத்தை நவம்பரிலேயே கொடுத்துவிடுங்கள். அதில் உங்கள் பெயர், படிக்கும் துறை, எந்தெந்த நாட்களில் வர முடியும், இரவில் எத்தனை கிலோமீட்டர் நடக்க முடியும், அவசரத்துக்கு வீட்டில் யாரை அழைக்க வேண்டும் என்பவை இருக்கட்டும். ஆய்வுக்காக என்றால் அதைத் தனியாகக் குறிப்பிடுங்கள், அதற்கு வேறு அனுமதி, அது வரச் சில மாதங்கள்கூட ஆகலாம். நடக்கும் இரவுகளில் சிவப்புத் தாள் ஒட்டிய டார்ச்சும் ஒரு லிட்டர் தண்ணீரும் போதும். கருவாடு காய்கிற இடங்களில் நாய்கள் கூட்டமாக இருக்கும், அங்கே ஊழியரை விட்டு முன்னால் போக வேண்டாம்.